முதன்முறையாகத் தனியாக வாழப் போகும் மாணவருக்கு

கேள்வி இது: "அடுத்த மாதம் கல்லூரி தொடங்குகிறது. இதுவரை ஒரு நாள்கூட வீட்டை விட்டுத் தனியாக இருந்ததில்லை. சமைக்கத் தெரியாது, துணி துவைத்ததில்லை, கையில் பணம் வைத்துச் செலவு செய்ததும் இல்லை. முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? சமாளிக்க முடியுமா என்று பயமாக இருக்கிறது."

முடியும். நான் 14 ஆண்டுகளாக ஒரு கல்லூரி விடுதியில் காப்பாளராக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் உங்களைப் போலவே கையில் பெட்டியும் முகத்தில் கலக்கமுமாக வந்து நிற்பவர்களைப் பார்க்கிறேன். சமைக்கத் தெரியாத காரணத்தால் படிப்பை விட்டுப் போனவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. சமையலும் துவையலும் இரண்டு மூன்று வாரத்தில் கைக்கு வந்துவிடும். தடுமாறியவர்கள் வேறொரு இடத்தில் தடுமாறினார்கள். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

வீட்டில் உங்களுக்காக இரண்டு வேலைகள் நடந்துகொண்டிருந்தன. ஒன்று கண்ணுக்குத் தெரிந்த வேலை: சமைப்பது, துவைப்பது, கட்டணம் கட்டுவது. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. பற்பசை தீரப் போகிறது, நாளை மறுநாள் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், குரல் கம்மியிருக்கிறது, மூன்று நாளாகப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை என்று யாரோ ஒருவர் உங்களைக் கவனித்துக்கொண்டே இருந்தார். நீங்கள் கேட்காமலேயே, நீங்கள் உணரும் முன்பே. வீட்டை விட்டுக் கிளம்பும் அன்று இந்த இரண்டாவது வேலை சத்தமில்லாமல் நின்றுபோகும். முதல் வேலை நின்றால் அன்றைக்கே தெரியும், பசிக்கும். இரண்டாவது நின்றது தெரிய ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் பணம் தீர்ந்திருக்கும், உறக்கம் கெட்டிருக்கும், ஒரு தேர்வுக்கான கடைசி நாள் தாண்டியிருக்கும். ஆகவே நீங்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது உங்களை நீங்களே கவனிக்கும் பழக்கம். இனி நான் சொல்லும் ஒவ்வொன்றும் இதோடு சேர்ந்ததுதான்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன், அங்கேதான் சீக்கிரம் அடிபடும்.

மாதத் தொகை கைக்கு வந்ததும் பெரும்பாலோர் அதை நான்கால் வகுத்து வாரக் கணக்கு போடுகிறார்கள். நான்கு வாரம் என்பது 28 நாள். மாதத்துக்கு 30, 31 நாள். அந்த மிச்ச இரண்டு மூன்று நாட்களில்தான் கடன் கேட்கும் பழக்கம் ஆரம்பிக்கிறது. வாரக் கணக்கை விட்டுவிட்டு நாள் கணக்கு போடுங்கள். முதலில் வாடகை, உணவுக் கட்டணம், போன், போக்குவரத்து என்று மாறாத செலவுகளை எடுத்துத் தனியே வையுங்கள். அடுத்து, வருடத்தில் ஓரிரு முறை மட்டும் வரும் செலவுகளைப் பட்டியலிடுங்கள்: தேர்வுக் கட்டணம், புத்தகம், ஆய்வக உபகரணம், விடுமுறைக்கு வீட்டுக்குப் போய் வரும் பயணம். எல்லாவற்றையும் கூட்டி 12-ஆல் வகுத்து, அந்தத் தொகையையும் மாதாமாதம் ஒதுக்கிவிடுங்கள். 'எதிர்பாராத செலவு' என்று மாணவர்கள் என்னிடம் சொன்னவற்றில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலில் இருந்தவைதான். தேதி முன்பே தெரியும், யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். இதெல்லாம் போக மிச்சமிருப்பதை அந்த மாத நாட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு நாளுக்கு எவ்வளவு என்று கிடைக்கும். அந்த ஒரு எண் மனதில் இருந்தால் போதும். இன்று கூடுதலாகச் செலவழித்தால் நாளையும் மறுநாளும் எதைக் குறைக்க வேண்டும் என்று தானாகத் தெரியும்.

முதல் மாதம் மட்டும் ஒவ்வொரு செலவையும் எழுதுங்கள். சிக்கனமாக இருக்க முயல வேண்டாம், எழுதினால் போதும். இரண்டாவது மாதம் எங்கே ஓட்டை இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடன் அட்டை பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மாதம் 3 சதவீத வட்டி என்றால் சின்னதாகத்தான் தெரியும். அது கூட்டு வட்டியாக ஏறும்போது ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். 'குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்' என்று சீட்டில் போட்டிருப்பார்கள். அதை நம்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 100 பங்கு கடன், மாத வட்டி 3 சதவீதம், ஒவ்வொரு மாதமும் பாக்கியில் 5 சதவீதம் மட்டும் கட்டுகிறீர்கள், புதிதாக எதுவும் வாங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருட முடிவில் நீங்கள் சுமார் 55 பங்கு கட்டியிருப்பீர்கள். பாக்கி இன்னும் சுமார் 77 இருக்கும். இதனால்தான், முழுத் தொகையையும் அந்த மாதமே கட்ட முடியாதவர்கள் அந்த அட்டையை வாங்கவே கூடாது என்கிறேன். போனில் சில நொடிகளில் கிடைக்கும் கடன் செயலிகளுக்கும் இதே பதில்தான்.

இன்னொரு எச்சரிக்கை. மாணவர்களைக் குறி வைத்தே வரும் மோசடி ஒன்று உண்டு. "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, அதில் பணம் வரும், அதை வேறு கணக்குக்கு அனுப்பு, உனக்குக் கமிஷன் உண்டு" என்பார்கள். கேட்பவர் பெரும்பாலும் நன்றாகப் பேசும் சீனியராகவோ, நண்பனின் நண்பனாகவோ இருப்பார். அந்தப் பணம் யாரிடமோ ஏமாற்றிப் பறித்ததாக இருக்கும். விசாரணை வரும்போது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் பிடிப்பார்கள். ஒரு மாணவர் இதில் மாட்டிக்கொண்டு ஒரு வருடம் அலைந்ததை அருகிலிருந்து பார்த்தேன். கெட்ட பிள்ளை இல்லை. நண்பனிடம் முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்ட பிள்ளை. உங்கள் கணக்கு, அட்டை, ஓடிபி மூன்றும் யாருக்கும் கிடையாது. வேலை தருகிறேன், முதலில் பணம் கட்டு என்பவர்களுக்கும் அதே பதில். அப்புறம், நண்பர்களுக்குக் கடன் கொடுக்கும்போது, திரும்ப வராவிட்டாலும் நட்பு கெடாத அளவுக்கு மட்டும் கொடுங்கள்.

சரி, சாப்பாடு. நான்கு உணவுகளைச் சமைக்கக் கற்றுக்கொண்டு போங்கள், அதற்கு மேல் இப்போது வேண்டாம். இப்போது வீட்டில் நீங்கள் விரும்பிச் சாப்பிடுவதிலேயே எளிதானவையாக நான்கு. கிளம்பும் முன் ஒவ்வொன்றையும் மூன்று முறை, யார் உதவியும் இல்லாமல், சாமான் வாங்குவதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை நீங்களே செய்து பாருங்கள். மூன்றாவது முறை செய்யும்போது அளவு கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

சுவை கெட்டால் ஒரு வேளையோடு போகும். உணவு கெட்டால் மூன்று நாள் படுக்கை. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அந்த வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டி 4 டிகிரி அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். மீந்ததைச் சூடாக்கினால் நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடேற வேண்டும், கணக்காகச் சொன்னால் 74 டிகிரி. 'நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று பலரும் நினைக்கிறார்கள், அது சரியில்லை. வேகவைத்த அரிசி, பாஸ்தா போன்ற மாவு உணவுகள் வெளியே கிடந்தால் அவற்றில் வளரும் ஒரு வகை பாக்டீரியா விடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. இரவு முழுதும் மேசையில் இருந்ததைக் காலையில் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த நச்சுக்கு வாசனை கிடையாது.

அடுப்படியில் இரண்டே விதி. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் தீ மேலே எழும்பி முகத்துக்கு வரும். அடுப்பை அணைத்து, உலோக மூடியால் மூடி, அப்படியே விட்டுவிட வேண்டும். எரிவாயு நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்த பிறகு போன் செய்யுங்கள். குளியலறை சுத்தம் செய்பவர்களுக்கு இன்னொன்று: பிளீச்சையும் அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தையும் ஒன்றாக ஊற்றாதீர்கள், குளோரின் வாயு வரும். அமோனியா கலந்ததோடு பிளீச் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். இரண்டையும் கலந்தால் இரண்டு மடங்கு சுத்தமாகும் என்று நினைத்துச் செய்த மாணவர்களை இருமிக்கொண்டு வெளியே ஓடி வரப் பார்த்திருக்கிறேன்.

துணி துவைப்பது இதில் எளிதானது. சட்டைப்பையைப் பாருங்கள், புதிய அடர்நிறத் துணியை முதல் சில முறை தனியாகப் போடுங்கள், துவைத்ததை இயந்திரத்திலேயோ வாளியிலேயோ மணிக்கணக்கில் ஈரமாக விடாதீர்கள். வாரத்தில் ஒரே கிழமையில் துவையுங்கள். இவ்வளவுதான்.

உடம்பைப் பற்றி நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும்போது காய்ச்சல் வருவது போல மனதை உடைப்பது வேறில்லை. வீட்டில் இருந்தபோது உங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்க ஒருவர் இருந்தார். இங்கே காய்ச்சலில் கிடப்பவரும் முடிவெடுக்க வேண்டியவரும் நீங்களே. அதனால் முடிவுகளை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ஒரு சின்னப் பெட்டியில் தெர்மாமீட்டர், பாராசிட்டமால், உப்பு சர்க்கரைப் பொட்டலம், கட்டுத்துணி, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் அது. பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் நல்ல ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு வேளைக்கு ஒன்றோ இரண்டோ, குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராம், அதாவது எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது. உடல் எடை மிகக் குறைவானவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த அளவே அதிகம், அவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். இதில் மறைந்திருக்கும் ஆபத்து என்னவென்றால், கடையில் வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் சேர்ந்தே இருக்கிறது. சளிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று போட்டால் தெரியாமலே அளவு மீறும், கல்லீரல் பாதிக்கப்படும். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் வேண்டும். ஆன்டிபயாடிக் மாத்திரை அறைத் தோழரிடம் மீந்திருந்தாலும் வாங்கிப் போடாதீர்கள். சாதாரணச் சளியும் ஃப்ளூ காய்ச்சலும் வைரஸால் வருபவை, அந்த மாத்திரை அவற்றைத் தொடவே தொடாது.

வயிற்றுப்போக்கு வந்தால் மருந்தைவிட முதலில் தண்ணீர். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான குடிநீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகக் குடியுங்கள். உப்பு கூடினால் ஆபத்து, ஆகவே கண் அளவு வேண்டாம்.

சுவரில் ஒட்டும் தாளில் எழுத வேண்டியவை: மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காத வாந்தி, மூச்சு வாங்குவதில் சிரமம், மலத்தில் ரத்தம், குழப்பமான பேச்சு. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இன்னும் ஒன்று தனியாகக் குறியுங்கள். காய்ச்சலோடு கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்த்தால் கூசுவது, கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத புள்ளிகள். இவை மூளைக்காய்ச்சலின் அடையாளங்கள். விடுதிகளில் நெருக்கமாக வாழும் முதலாண்டு மாணவர்களுக்கு இந்த நோயில் ஒரு வகை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, கிளம்பும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். இந்த அறிகுறி தெரிந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது, நள்ளிரவானாலும் யாரையாவது எழுப்புங்கள். என் கதவை இரவு இரண்டு மணிக்குத் தட்டிய மாணவர்கள் எல்லோரும் 'மன்னியுங்கள்' என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள். அந்த வார்த்தைக்கு அவசியமே இல்லை. நான் அங்கே இருப்பதே அந்தத் தட்டலுக்காகத்தான். உங்கள் இடத்திலும் அப்படி ஒருவர் இருப்பார், முதல் நாளே அவர் எண்ணை வாங்கி வையுங்கள்.

உடம்பு சரியில்லை என்றால் குறைந்தது ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் படுங்கள். அறைத் தோழருக்கோ பக்கத்து அறைக்கோ. "ராத்திரி ஒரு தடவை எட்டிப் பார்" என்று கேட்பதில் குறைவொன்றும் இல்லை.

உறக்கம். பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். இந்த வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் பின்னால் தள்ளிப்போகிறது, இரவு தூக்கம் வராதது உங்கள் சோம்பேறித்தனம் இல்லை. ஆனால் அதற்கு இடம் கொடுத்துக்கொண்டே போனால் விடிகாலை நான்கு மணிக்குத் தூங்குபவராக மாறிவிடுவீர்கள். படுக்கும் நேரத்தைப் பிடிப்பது கடினம், எழும் நேரத்தைப் பிடிப்பது எளிது. விடுமுறை நாளிலும் அதே நேரத்துக்கு எழுந்து, எழுந்ததும் வெளிச்சத்தில் கொஞ்சம் நடங்கள். காபி, டீயில் இருக்கும் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பதினொரு மணிக்கும் உள்ளே இருக்கும்.

படிப்பிலும் இதே கதைதான். பள்ளியில் யாராவது வீட்டுப்பாடம் கேட்டார்கள். கல்லூரியில் பெரும்பாலும் பருவ முடிவில்தான் கேட்பார்கள். நாம் எவ்வளவு நாளில் ஒன்றை முடிப்போம் என்று கணிப்பதில் எல்லோருமே தவறுகிறோம். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக அவர்கள் சொன்னது சுமார் 34 நாள். ஆனது சுமார் 55 நாள். கெட்டிக்கார மாணவர்கள்தான், ஆனாலும் அப்படி. ஆகவே நீங்கள் நினைக்கும் நேரத்தை ஒன்றரை மடங்காக்கி, அதற்கும் இரண்டு நாள் முன்னதாக முடிவுத் தேதியை வையுங்கள். பருவம் தொடங்கிய முதல் வாரத்திலேயே எல்லாப் பாடத்தின் தேர்வு, ஒப்படைப்புத் தேதிகளையும் ஒரே நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். படிக்கும்போது, மறுபடி மறுபடி வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது அதிக நாள் மனதில் நிற்கும். இதையும் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

அறைத் தோழரோடு முதல் வாரத்திலேயே உட்கார்ந்து பேசுங்கள். விளக்கு எப்போது அணைப்பது, போன் எங்கே பேசுவது, யார் யார் வரலாம், எதைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், எதைக் கூடாது, பெருக்குவது யார் எந்த நாள். பிரச்சினை எதுவும் இல்லாதபோது இதைப் பேசுவது சங்கடமாகத்தான் இருக்கும். பிரச்சினை வந்த பிறகு பேசினால் அது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். என்னிடம் வந்த அறைச் சண்டைகளில் பெரும்பாலானவை ஒரு மாதமாக மனதுக்குள் வைத்திருந்த சின்ன விஷயங்கள். வாடகை அறை என்றால் பொருள் வைக்கும் முன்பே சுவர், கதவு, குழாய், தரை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது முன்பணம் திரும்பி வர அதுதான் துணை.

இனி வீட்டு நினைப்பு. உங்கள் பயத்தின் அடியில் இருப்பது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

1688-ல் யோகனஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இதைப் பற்றியே ஓர் ஆய்வேடு எழுதினார். வீடு திரும்புதல், வலி என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'நாஸ்டால்ஜியா' என்ற பெயரை உருவாக்கியவர் அவர்தான். அவர் விவரித்த நோயாளிகளில் ஒருவர், பெர்ன் ஊரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த மாணவர். அந்த மாணவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார், வீட்டுக்கு அழைத்துப் போகிறோம் என்று புறப்பட்டதுமே வழியிலேயே தேற ஆரம்பித்தார் என்று ஹோஃபர் எழுதியிருக்கிறார். முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கல்லூரி மாணவரைப் பார்த்து மருத்துவம் பெயர் வைத்த வலி இது. உங்களுக்கு வந்தால் நீங்கள் பலவீனமானவர் என்று அர்த்தம் இல்லை.

அது முதல் சில நாட்களில் வராமல் போகலாம். அப்போது பரபரப்பு இருக்கும். கொஞ்சம் அடங்கிய பிறகு, ஞாயிறு மாலையிலோ, உடம்பு சரியில்லாத நாளிலோ, யாரோ வீட்டோடு போனில் சிரித்துப் பேசுவதைக் கேட்கும்போதோ வரும். அந்த நேரத்தில் பெட்டியைக் கட்டாதீர்கள். முதல் மாதம் ஒவ்வொரு வார இறுதியிலும் வீட்டுக்கு ஓடியவர்கள்தான் அதிக நாள் கஷ்டப்பட்டதைக் கண்டிருக்கிறேன், ஏனென்றால் வார இறுதியில்தான் நட்புகள் உண்டாகின்றன, அப்போது அவர்கள் அங்கே இல்லை. வீட்டோடு பேச ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மனம் உடைந்த நேரத்தில் மட்டும் போன் செய்தால் வீட்டில் இருப்பவர்களுக்கும் நீங்கள் எப்போதும் அழுதுகொண்டிருப்பதாகவே தோன்றும். நல்லதையும் சொல்லுங்கள்.

நட்புக்கு அவசரப்பட வேண்டாம், ஆனால் கதவைத் திறந்து வையுங்கள். நிஜமாகவே கதவைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பு ஒன்றில் நடந்து, 1950-ல் வெளியான பெயர்பெற்ற ஆய்வில், யாருக்கு யார் நண்பரானார்கள் என்பதைப் பெருமளவு தீர்மானித்தது வீட்டுக் கதவுகளுக்கு இடையே இருந்த தூரம் என்று கண்டார்கள். அடுத்த வீட்டுக்காரர்தான் முதல் நண்பர். கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது வாரத்தில் "எனக்கு இங்கே யாருமே இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது நான் இந்த மணிக் கணக்கைத்தான் சொல்வேன். இன்னும் நேரம் ஆகவில்லை, அவ்வளவுதான். ஒரே ஆட்களை ஒரே நேரத்தில் மறுபடி மறுபடி பார்க்கும் இடம் ஒன்றில் சேருங்கள், விளையாட்டோ, இசையோ, நூலகக் குழுவோ, எதுவானாலும்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் விருப்பமில்லை, சாப்பிடவோ தூங்கவோ முடியவில்லை, வகுப்புக்கு எழுந்து போக முடியவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால், அது வீட்டு நினைப்பைத் தாண்டிவிட்டது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் எல்லாம் கணக்கில்லை, அந்த நிமிடமே யாரிடமாவது சொல்லுங்கள். கல்லூரி மனநல ஆலோசகர், காப்பாளர், மருத்துவர், வீட்டில் ஒருவர், யாராக இருந்தாலும் சரி. ஆலோசகர் எங்கே இருக்கிறார் என்பதை முதல் வாரமே விசாரித்து வையுங்கள். தேவைப்படும் நாளில் தேட உடம்பிலும் மனதிலும் தெம்பு இருக்காது.

உங்களை நீங்களே கவனிக்க ஒரு எளிய வழி: வாரம் ஒரு முறை, ஒரே நாளில், அரை மணி நேரம் உட்காருங்கள். கணக்கில் எவ்வளவு இருக்கிறது, அடுத்த இரண்டு வாரத்தில் என்ன தேதிகள் வருகின்றன, எது தீரப் போகிறது, எத்தனை நாள் ஏழு மணி நேரம் தூங்கினேன், யாரோடு மனம்விட்டுப் பேசினேன். வீட்டில் ஒருவர் உங்களுக்காக மனதுக்குள் தினமும் ஓட்டிக்கொண்டிருந்த பட்டியல் இதுதான். நான் பார்த்தவரையில், இதைச் செய்பவர்கள் விழுந்தாலும் ஒரு வாரத்துக்குள் எழுந்துவிடுகிறார்கள்.

கிளம்ப இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இந்த வாரமே ஒரு மாலையில் உங்களை வளர்த்தவர் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்துகள், போட்ட தடுப்பூசிகள், சின்ன வயதில் வந்த நோய்கள், குடும்பத்தில் யாருக்கு என்ன வியாதி என்று எல்லாம் கேட்டு எழுதுங்கள். கடைசியாக இதையும் கேளுங்கள்: "எனக்கு உடம்பு சரியில்லாமல் போகப் போகிறது என்று உங்களுக்கு எப்படி முன்கூட்டியே தெரியும்?" கண் கொஞ்சம் சிவக்கும், இரண்டு வேளை சாப்பாட்டில் பாதியை ஒதுக்குவாய், காரணமில்லாமல் எரிந்து விழுவாய் என்று ஏதோ சொல்வார்கள். எந்த மருத்துவக் கோப்பிலும் அது இருக்காது. அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.